பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடித்த கண்டென்சர்: பட்டறையில் என்ன முறை வைத்துக்கொள்வது?

கேள்வி: இரும்புத்துகள்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூருக்குப் பக்கத்தில் வெல்டிங் மெஷின், பேட்டரி சார்ஜர், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றைப் பழுது பார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். ஐ.டி.ஐ. முடித்த இரண்டு இளைஞர்கள் என்னிடம் வேலை பழகுகிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்லி, அனுபவமுள்ளவர்களிடம் வழி கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஒற்றை ஃபேஸில் ஓடும் ஐ.ஜி.பி.டி. (மின்னணு சுவிட்ச் வகை) வெல்டிங் மெஷின் ஒன்று, சுவிட்சைப் போட்டால் எந்த அசைவும் இல்லை என்ற புகாரோடு வந்தது. பையன் அதைப் பிளக்கில் மாட்டிப் பார்த்து, பிறகு பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கண்டென்சர்களின் கால்களில் மீட்டரை வைத்திருக்கிறான். மீட்டர் பூஜ்யம் காட்டியது. அந்த நம்பிக்கையில் போர்டைத் தூக்குவதற்காக அடிப்பக்கம் இரண்டு கைகளையும் கொடுத்தவன், அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்து, இரும்பு அலமாரியில் முழங்கையை இடித்துக்கொண்டு விழுந்தான். இரு கைகளின் விரல் நுனிகளிலும் சிறிய வெண்புள்ளிகளாகத் தீக்காயம் இருந்தது. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, ஓர் இரவு வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். திரும்பி வந்து மேசையைப் பார்த்தபோதுதான் மீட்டரின் திருகி ஏ.சி. வோல்ட்டில் நிற்பது என் கண்ணில் பட்டது.

பிளக்கைப் பிடுங்கி எப்படியும் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரம் சார்ஜ் எப்படி நின்றது என்பது என் முதல் சந்தேகம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து ஒரு பொறி தட்டிவிட்டு வேலையைத் தொடங்கு என்றே சொல்லிக்கொடுத்தார். அது சரியான வழிதானா என்பது இரண்டாவது. என் பட்டறையில் இனி யாருக்கும் இப்படி நேராமலிருக்க என்ன கருவி வைத்துக்கொள்ள வேண்டும், எந்த வரிசையில் வேலை செய்யச் சொல்ல வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நேர்மின்

வணக்கம் ஐயா. பையன் நலமாக இருப்பது பெரிய ஆறுதல். அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள், தொடுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்திருக்கிறது, திருகிதான் தவறான இடத்தில் நின்றிருக்கிறது.

உங்கள் முதல் சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி.யை டயோடு பிரிட்ஜ் வழியாக மாற்றிக் கண்டென்சரில் சேர்க்கும்போது, அது உச்ச அளவான 325 வோல்ட் டி.சி. வரை ஏறுகிறது. இவ்வகை மெஷின்களில் 470 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் நான்கு இணையாக இருப்பது சாதாரணம். அப்படியானால் மொத்தம் 1,880 மைக்ரோஃபாரட். வோல்ட்டேஜின் வர்க்கத்தைக் கொள்ளளவால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தேங்கியுள்ள ஆற்றல் கிடைக்கும். இங்கே ஏறத்தாழ 99 ஜூல். இருதயத்துடிப்பைச் சீராக்க மருத்துவமனையில் மார்பின் மேல் வைக்கும் டிஃபிபிரிலேட்டர், புதிய வகையாக இருந்தால் ஒரு தடவைக்கு 150 முதல் 200 ஜூல் வரை கொடுக்கும். அதில் பாதி அளவு, மருத்துவர் யாரும் அருகில் இல்லாமல் உங்கள் மேசையின் மேல் காத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றலோடு நேரத்தையும் பார்க்க வேண்டும். கைக்குக் கை உடலின் தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று கொண்டால், ஒரு சீலிங் ஃபேனின் 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் சில மில்லி விநாடிகளில் காலியாகிவிடும். சுரீரென்று இழுத்துவிட்டு முடிந்துபோகும். அதே உடலின் வழியாக 1,880 மைக்ரோஃபாரட் இறங்குவதற்கான நேர மாறிலி (வோல்ட்டேஜ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் குறைய ஆகும் நேரம்) கிட்டத்தட்ட இரண்டு விநாடி. அதாவது முதலில் 0.3 ஆம்பியருக்கு மேல் தொடங்கி, இரண்டு மூன்று இருதயத்துடிப்புகள் நடக்கும் நேரம் முழுவதும் மார்பின் குறுக்கே மின்னோட்டம் நீடிக்கக்கூடும். அவன் விழுந்ததால் கை விடுபட்டது. ஒருவேளை அந்த வீழ்ச்சியே அவனைக் காப்பாற்றியிருக்கலாம்.

இனி, ஏன் அவ்வளவு நேரம் நின்றது? நன்றாக ஓடுகிற மெஷினை அணைத்தால், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கன்ட்ரோல் சர்க்யூட்டும் விசிறியும் மிச்சமுள்ள சார்ஜைத் தின்றுவிடும். சில விநாடிகளில் காலி. பழுதான மெஷினில் அதைத் தின்ன ஆளில்லை. ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டர் திறந்துபோயிருக்கலாம், துணை சப்ளை செத்திருக்கலாம். அதனால்தான் அது உங்களிடமே வந்திருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் மூடியைத் திறப்பதெல்லாம் பழுதான கருவிகளைத்தான் என்பதால், கண்டென்சர் நிறைந்திருக்க மிகவும் வாய்ப்புள்ள நிலையில்தான் நாம் எப்போதும் அதைச் சந்திக்கிறோம். குறுக்கே 100 கிலோ ஓம் பிளீடர் ரெசிஸ்டர் (சார்ஜைத் தானாக மெல்ல இறக்கும் ரெசிஸ்டர்) இருந்தால்கூட, 1,880 மைக்ரோஃபாரட்டுக்கு நேர மாறிலி 188 விநாடி. முழுவதும் இறங்கப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த பிளீடர் காய்ந்து அறுந்திருந்தால், கண்டென்சரின் சொந்தக் கசிவை மட்டும் நம்பிப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

மீட்டர் பூஜ்யம் காட்டியதற்குக் காரணம் எளிது. திருகி ஏ.சி. வரிசையில் நிற்கும்போது பல மீட்டர்கள் டி.சி.யை உள்ளேயே தடுத்துவிட்டு, ஏறி இறங்கும் பகுதியை மட்டும் அளக்கின்றன. அசையாமல் நிற்கும் 325 வோல்ட் டி.சி. அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. எனவே அளப்பதற்கு முன்னும் பின்னும், வோல்ட்டேஜ் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு டி.சி. இடத்தில், உதாரணமாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில், அதே மீட்டரை அதே வரிசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் உள்ளே அறுந்திருந்தாலும் திருகி தவறியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பிளக்கின் இரண்டு கால்களையும் ஒன்றாகத் தொடவைத்துவிட்டால் உள்ளே காலியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வீட்டுக் கருவிகளுக்கான சர்வதேசத் தரநிலை, பிளக்கைப் பிடுங்கிய ஒரு விநாடிக்குப் பின் அதன் கால்களில் 34 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சொல்வது உண்மைதான். ஆனால் அது டயோடுகளுக்கு முன்னால் இருக்கும் சிறிய வடிகட்டிக் கண்டென்சர்களுக்குப் பொருந்தும். பெரிய கண்டென்சர்கள் டயோடு பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பவை; அந்த டயோடுகள் மின்னோட்டத்தைப் பின்னோக்கி விடுவதில்லை. பிளக்கில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து உள்ளே இருப்பதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பதில்: பழைய_ரேடியோ

நான் நாற்பது ஆண்டுகளாக ரேடியோவும் டி.வி.யும் பார்த்தவன். ஸ்க்ரூடிரைவரைப் பற்றி இக்காலத்துப் பொறியாளர்கள் அதிகம் பயமுறுத்துகிறார்கள் என்பது என் கருத்து. பழைய டி.வி.யில் இருந்த 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரை ஆயிரம் தடவையாவது அப்படித்தான் இறக்கியிருப்பேன். ஒரு பொறி, ஒரு சத்தம், அத்தோடு முடிந்தது. அதை விட்டுவிட்டு, சார்ஜை இறக்க ரெசிஸ்டர் தேடிக்கொண்டிருந்தால், அவசரத்தில் ஒன்றும் செய்யாமலே கையை வைத்துவிடுவார்கள்.

பிக்சர் டியூப் இருந்த செட்டுகளில் மட்டும் நான் மிகுந்த கவனமாக இருப்பேன். கலர் டியூபின் ஆனோடில் 25,000 வோல்ட் வரை ஏறும்; டியூபின் கண்ணாடியே ஒரு கண்டென்சர் என்பதால் சில நாட்கள்கூட அது தங்கும். முதலில் டியூபின் வெளிப்பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் பின்னல் கம்பியில் கிளிப்பை மாட்டி, அதன் பிறகே மறுமுனையை ரப்பர் மூடியின் அடியில் செலுத்த வேண்டும். சேசிஸில் மாட்டினால் போர்டிலுள்ள ஐ.சி.க்களின் உயிர் போய்விடும். அந்த வேலைக்கு ஒரு கை மட்டும்தான். இடது கை சட்டைப் பைக்குள் இருக்கும். மோதிரம், வாட்ச் எதுவும் இருக்காது. அந்தப் பழக்கத்தை உங்கள் பையன்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

பதில்: நேர்மின்

ஒரு கைப் பழக்கத்தைப் பற்றி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பையன் இரண்டு கைகளையும் கொடுத்திராவிட்டால் மின்சாரம் மார்பின் குறுக்கே போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் ஸ்க்ரூடிரைவர் விஷயத்தில் உடன்பட முடியவில்லை.

ஐயா இறக்கிய 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் 300 வோல்ட் இருந்தால் அது நாலரை ஜூல். வெல்டிங் மெஷினில் இருப்பது அதைப்போல இருபது மடங்குக்கு மேல். அந்த முழு ஆற்றலும் ஸ்க்ரூடிரைவரின் நுனியில் சில மில்லி விநாடிகளில் வெளிப்படும்போது, மின்னோட்டம் ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும். உலோகம் உருகித் தெறிக்கும். போர்டின் தடம் எரிந்து எழும்பும். கண்டென்சருக்குள் இருக்கும் இணைப்பும் பலவீனப்படும். தெறிக்கும் துளி கண்ணுக்குள் போனால் அதற்கு மருந்தில்லை. இவற்றையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு: பொறி வரவில்லை என்றால் என்ன பொருள்? கண்டென்சர் காலியாக இருந்ததா, அல்லது காலில் படிந்திருந்த வார்னிஷால் ஸ்க்ரூடிரைவர் சரியாகத் தொடவில்லையா? இரண்டுக்கும் அடையாளம் ஒன்றே. நூறு வாட் குண்டு பல்பை வைத்து இறக்குபவர்களுக்கும் இதே கேள்விதான். பல்பின் இழை அறுந்திருந்தால் அது மின்னாது, கண்டென்சர் காலியாக இருந்தாலும் மின்னாது. எந்த வழியில் இறக்கினாலும், இறங்கியதா என்று டி.சி. வரிசையில் மீட்டர் சொல்ல வேண்டும்.

பணியிட மின்பாதுகாப்புக்கான அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 70இ தரநிலை 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் கண்டென்சர்களுக்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறது. அதன்படி 100 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் 1 ஜூலைத் தாண்டினாலே, 400 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் கால் ஜூலைத் தாண்டினாலே அபாயகரமானதாகக் கொள்ள வேண்டும். இந்த அளவுகோலில் ஐயாவின் பழைய டி.வி. கண்டென்சரும் அபாயம்தான்.

இப்போது கருவி. 1 கிலோ ஓம், 50 வாட், அலுமினிய உறை போட்ட ஒயர்வௌண்டு ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, அதன் இரு முனைகளிலும் 1,000 வோல்ட் தாங்கும் ஒயரைப் பற்றவைத்து, மூட்டுகளை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடி, முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவிடுங்கள். ஒரு முனைக்கு உறையுள்ள முதலைக் கிளிப், மறுமுனைக்கு மீட்டரின் குச்சி போன்ற நீண்ட கைப்பிடியுள்ள புரோப். முதலில் எதிர்மின் பக்கத்தில் கிளிப்பை மாட்ட வேண்டும். அதை மாட்டும்போதும் விரல் வெறும் உலோகத்தில் படக் கூடாது. பிறகு ஒரு கையால் புரோப்பை நேர்மின் காலில் வைத்து அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். உங்கள் 1,880 மைக்ரோஃபாரட், 325 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறங்க எட்டு விநாடி போதும். மிச்ச நேரம் நிதானத்துக்கு. தொடக்கத்தில் நூறு வாட்டுக்குச் சற்று மேல் சூடு வந்தாலும் உடனே குறைந்துவிடும் என்பதால் இந்த ரெசிஸ்டர் தாங்கும். கால் வாட் கார்பன் ரெசிஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. பொதுவாக 250 வோல்ட்டே அதன் எல்லை, சூட்டில் வெடித்தும் போகலாம்.

பல மணி நேரம் மீட்டரை மாட்டி வைத்தால் அதன் வழியாகவே இறங்கிவிடாதா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டதுண்டு. மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 330 மைக்ரோஃபாரட் கண்டென்சருக்கே நேர மாறிலி 55 நிமிடம். மீட்டர் பார்க்கத்தான் உதவும், இறக்க உதவாது.

தொழிற்சாலைகளிலிருந்து மூன்று ஃபேஸ் டிரைவ்களும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) உங்களிடம் வருமானால், அவற்றின் உள்ளே 415 வோல்ட்டிலிருந்து வரும் டி.சி. ஏறத்தாழ 587 வோல்ட் என்பதையும், அங்கே கண்டென்சர்கள் இரண்டிரண்டாகத் தொடரில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன கருவி அவற்றுக்கானது அல்ல. மூடியில் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் காத்திருந்து, சிவப்பு சார்ஜ் விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாமல், டி.சி. முனைகளில் அளந்து, தொடரில் உள்ள ஒவ்வொரு கண்டென்சரையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பதில்: அடுப்பங்கரை

மைக்ரோவேவ் அடுப்பையும் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், ஆகவே என் பங்குக்குச் சிறிது. அதன் கண்டென்சர் ஏறத்தாழ 1 மைக்ரோஃபாரட் மட்டுமே. அதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் 2,000 வோல்ட்டுக்கு மேல் தருவதால் கண்டென்சர் 2,900 வோல்ட் வரை ஏறும். ஆற்றல் 4 ஜூல். முன்னவர் சொன்ன கால் ஜூல் எல்லையை விட அது பதினாறு மடங்கு. உள்ளேயே 10 மெகா ஓம் பிளீடர் வைத்திருப்பார்கள். அது ஒழுங்காக இருந்தால் ஒரு நிமிடத்தில் காலி. ஒழுங்காக இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது என்பதுதான் சங்கடம்.

சாதாரண மீட்டரை அங்கே வைக்கவே கூடாது. மீட்டரின் முகப்பில் 1,000 வோல்ட் என்று எழுதியிருப்பதே அதன் எல்லை. நான் நீளமான கண்ணாடியிழைக் குச்சியின் நுனியில் புரோப்பைக் கட்டி, 10 கிலோ ஓம் கிடைக்கும்படி ஒயர்வௌண்டு ரெசிஸ்டர்கள் ஐந்தைத் தொடரில் வைத்து, வோல்ட்டேஜ் அவற்றுக்கிடையே பகிர்ந்துபோகும்படி செய்துவைத்திருக்கிறேன். கண்டென்சரின் இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு காலுக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவில் ஒரு முறை, ஆக மூன்று தடவை. அதன் பிறகும் இரு கால்களையும் ஒரு கிளிப் ஒயரால் இணைத்துவிட்டே மேக்னட்ரானில் (மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் பாகம்) கை வைப்பேன். மூடியில்லாமல் அடுப்பை ஓடவிட்டு அளக்கும் வேலையை உங்கள் பையன்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அங்கே கண்டென்சரை விட டிரான்ஸ்ஃபார்மர்தான் எமன்.

பதில்: கிணற்றடி

நான் போர்வெல் மோட்டார் பார்ப்பவன். எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பச்சைப் பட்டனை அழுத்திப் பிடிக்கும்வரை ஸ்டார்ட்டிங் கண்டென்சர் இணைந்திருக்கும். விரலை எடுத்ததும் துண்டிக்கப்படும். துண்டிக்கப்படும் கணத்தில் ஏ.சி. அலை எங்கே நின்றதோ அந்த வோல்ட்டேஜோடு, 100 அல்லது 120 மைக்ரோஃபாரட், போவதற்கு வழியில்லாமல் அப்படியே தங்கிவிடும். அதனால்தான் ஒரு நாள் அடிக்கும், மறுநாள் அடிக்காது. அடிக்காத நாளில் கிடைத்த தைரியம் அடிக்கிற நாளில் ஆளைச் சாய்த்துவிடுகிறது. அதுவும் ஈரத் தரையில், வெறுங்காலில்.

நான் பார்க்கும் பெட்டிகளிலெல்லாம் ஸ்டார்ட்டிங் கண்டென்சரின் குறுக்கே 15 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறேன். பத்து விநாடிகளில் இறங்கிவிடும். எப்போதும் லைனில் இருக்கும் ரன்னிங் கண்டென்சருக்கு இதே அளவைப் போட்டால் ரெசிஸ்டர் கருகிவிடும். அதற்கு 220 கிலோ ஓம் போட வேண்டும், ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளும். விவசாயிகள் தாங்களே பெட்டியைத் திறப்பவர்கள் என்பதால், மெயினை இறக்கி ஐந்து நிமிடம் கழித்துத் திறக்கவும் என்று பெட்டியின் உட்கதவில் பெயின்டில் எழுதியும் வைக்கிறேன். ரெசிஸ்டர் போட்ட பெட்டி என்பதற்காக நான் அளக்காமல் தொடுவதில்லை.

கேள்வி கேட்டவர்: இரும்புத்துகள்

எல்லோருக்கும் நன்றி. நேர்மின் ஐயா சொன்னபடி கருவியைச் செய்துவிட்டோம். செய்தது அந்தப் பையன்தான். பழைய மீட்டரின் திருகியில் டி.சி. 600 வோல்ட் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடும் இழுத்திருக்கிறான்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அதே வெல்டிங் மெஷினில் நேற்று கருவியை வைத்து 2 வோல்ட்டுக்கு இறக்கினோம். சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து அளந்தால் 19 வோல்ட் காட்டியது. பிளக் மாட்டவில்லை, பக்கத்தில் வேறு சப்ளையும் இல்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?

பதில்: நேர்மின்

மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. கண்டென்சரின் இரு தகடுகளுக்கு நடுவில் உள்ள பொருள், சார்ஜின் ஒரு பகுதியைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொண்டு, இறக்கிய பிறகு மெல்ல மெல்ல வெளியே விடும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களில் முன்பிருந்த வோல்ட்டேஜில் பத்து சதவீதம் வரைகூட இப்படித் திரும்புவதுண்டு. 325க்கு 19 என்பது ஆறு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 19 வோல்ட் ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் சால்டரிங் அயர்ன் வைக்கும்போது ஒரு ஐ.சி.யைச் சுட்டுவிடப் போதும். ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்யும் பெரிய எண்ணெய்க் கண்டென்சர்களில் இதே சதவீதம் உயிருக்கே அபாயமாகும். அதனால்தான் அவற்றைக் கிடங்கில் வைக்கும்போதும் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தே வைக்கிறார்கள்.

ஆகையால் ஒரு தடவை இறக்கியதோடு விடாமல், சாப்பாட்டுக்கோ டீக்கோ போய்வந்தால் மறுபடி இறக்கி மறுபடி அளக்க வேண்டும். வேலை நீளுமானால் கிளிப்பையும் புரோப்பையும் கண்டென்சரின் மேலேயே மாட்டி வைத்துவிடுங்கள். மூடியைப் போடுவதற்கு முன் அதை எடுக்க மறக்காமலிருக்க, பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் வெளியே தொங்கட்டும். மெஷினிலிருந்து கழற்றிய பெரிய கண்டென்சர்களை அலமாரியில் போடும்போதும் கால்களைச் சுற்றி ஒரு செம்புக் கம்பியை முறுக்கிவிடுங்கள்.